ஸிக்கியின் சிவப்பு முடி: மேடையிலிருந்து தெருவுக்கு எது இறங்கும்?

ஒரு பாடகர் மேடையில் பத்து உடை மாற்றினால் ஒன்பது மேடையோடு போய்விடும். மிஞ்சுகிற ஒன்றும் பெரும்பாலும் உடையாக இருக்காது. ஒரு முடிவெட்டு, கன்னத்தில் ஒரு மினுக்கு, கையில் நாலு ரப்பர் வளையம், அவ்வளவுதான். பாப் நட்சத்திரங்கள் தங்கள் காலத்து ஃபேஷனை எப்படி மாற்றினார்கள் என்று எழுதுகிறவர்கள் அந்த ஒன்பது உடைகளின் படங்களைத்தான் வரிசையாகப் போடுகிறார்கள். அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் அவை ஜொலிக்கும், மறுக்கவில்லை. தெரு எதை எடுத்துக்கொண்டது என்று பார்க்க வேண்டுமானால் வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: சனிக்கிழமை கடையில் வேலை செய்து நாலு காசு பார்க்கும் பதினைந்து வயதுப் பையனோ பெண்ணோ இதில் எதை வீட்டில் செய்துகொள்ள முடியும்?

இதற்கு 1972-73 லண்டனைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி ‘ஸிக்கி ஸ்டார்டஸ்ட்’ என்ற கற்பனைப் பாடகனின் வேடத்தில் இருந்தது சுமார் ஒன்றரை வருடம். 1972 பிப்ரவரி 10 அன்று டால்வொர்த்தில் டோபி ஜக் என்ற பப்பில் தொடங்கியது, 1973 ஜூலை 3 அன்று ஹேமர்ஸ்மித் ஓடியன் அரங்கில் முடிந்தது. முன்னோடி என்று பார்த்தால் பாடகர் மார்க் போலன்தான். 1971இலேயே டி. ரெக்ஸ் குழுவோடு தொலைக்காட்சிக்கு வந்தபோது கண்ணுக்குக் கீழே கிளிட்டர் ஒட்டியிருந்தார். ஒரு சிட்டிகை கிளிட்டரும் கொஞ்சம் வாசலினும் யாருக்கும் கிடைக்கும் என்பதால் அது உடனே பரவியது. ஆனால் அது ஒரு ராத்திரிச் சமாச்சாரம், முகம் கழுவினால் போச்சு. போவியிடமிருந்து தெரு எடுத்துக்கொண்டது கழுவினால் போகாதது: ஸிக்கியின் சிவப்பு முடி.

அந்த முடியை வெட்டியவர் சூஸி ஃபஸ்ஸி. லண்டனின் தென்கிழக்கு ஓரத்தில் பெக்கன்ஹாமில் ஒரு சலூனில் வேலை பார்த்தவர், போவியின் அம்மா அந்த சலூனின் வாடிக்கையாளர். ஜப்பானிய வடிவமைப்பாளர் கன்சாய் யமமோட்டோவின் மாடல்கள் கபுகி நாடகத்துச் சிங்க ஆட்டத்தின் செந்நிறப் பிடரியோடு வந்த படங்கள் அப்போது பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. அதுபோல வேண்டும் என்று போவி கேட்டார். வெட்டி முடித்ததும் பிரச்சினை தெரிந்தது: போவியின் முடி மெல்லியது, நேரானது, நிற்கவில்லை. படுத்துக் கிடந்தது. சாயம் போட்டால் முடியின் தன்மையே மாறும், அப்போது நிற்கும் என்பது சூஸியின் கணக்கு. ஷ்வார்ஸ்காஃப் நிறுவனத்தின் ‘ரெட் ஹாட் ரெட்’ சாயத்தை 30 வால்யூம் பெராக்சைடில் கலந்து போட்டார். அது நிற்க, சலூனில் வயதான பெண்களுக்காக வைத்திருந்த ‘கார்ட்’ என்ற பொடுகு மருந்தைத் தடவினார். அது காய்ந்தால் கெட்டியாகும்.

30 வால்யூம் என்றால் 9 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. நரையை மறைக்க வழக்கமாகப் போடுவது 20 வால்யூம், அதாவது 6 சதவீதம். வீரியம் கூடும்போது முடியின் மேல்தோலில் உள்ள செதில்கள் நன்றாக எழும்பிக்கொள்ளும். இழை கொஞ்சம் பருக்கும், சொரசொரப்பாகும். ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆக, ஸிக்கியின் முடி நின்றதற்குப் பாதிக் காரணம் அதைக் கெடுத்ததுதான். இந்த வெட்டைச் சாயமில்லாமல் வெட்டிக்கொண்டு, ஏன் நிற்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

வீட்டில் செய்தவர்களுக்கு எங்கெங்கே சறுக்கியது என்பது இன்னும் சுவாரசியம். முதலாவது, நிறம். போவியின் சொந்த முடி வெளிர் பழுப்பு. அதன் மேல் சிவப்பு போட்டால் கேரட் போல எரியும். கரும்பழுப்பு முடிக்கு 30 வால்யூம் இரண்டு மூன்று படிகள்தான் வெளுப்பேற்றும். அதன்மேல் அதே சாயம் விழுந்தால் பீட்ரூட் நிறம், இல்லாவிட்டால் துருப்பிடித்த இரும்பு. மருதாணி போட்டவர்கள் பாடு அதைவிடச் சிரமம், ஏனென்றால் மருதாணி எதையும் வெளுக்காது, இருக்கிற நிறத்துக்கு மேலே செம்மை பூசும், அவ்வளவே. அதிலும் உலோக உப்பு கலந்த மலிவு மருதாணிப் பொடி போட்ட தலையில் பிறகு பெராக்சைடு பட்டால் சூடேறி முடி நூல் நூலாக உடையும். இன்றும் எந்த நல்ல சலூனிலும் சாயம் போடுமுன் “மருதாணி வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்பது இதனால்தான்.

இரண்டாவது, வெட்டு. உச்சியில் சுமார் 5 செ.மீ., நெற்றிக்கு மேல் அதைவிடச் சற்றுக் கூடுதல், காதுக்கு முன்னால் கூராக இறங்கும் ஒரு கற்றை, பிடரியில் காலர் தாண்டிய நீளம். ஈர முடியில் 5 செ.மீ. அளந்து வெட்டினால் காய்ந்தபின் அது சுருங்கி ஏறிவிடும். அதனால் உச்சியை 6 செ.மீ. விட்டு வெட்டி, காயவைத்து, பிறகு கத்தரியைச் செங்குத்தாகப் பிடித்து நுனிகளைக் கொத்திவிட வேண்டும். பெரும்பாலானோர் நேராகக் கத்தரித்தார்கள். உச்சிக்கும் பிடரிக்கும் நடுவே ஒரு படிக்கட்டு விழுந்தது. அந்தப் படியைக் கரைக்க, நடுப்பகுதிக் கற்றைகளைத் தலைக்குச் செங்குத்தாகத் தூக்கி, குட்டையிலிருந்து நீளத்துக்குச் சாய்வாக வெட்ட வேண்டும். கண்ணாடி முன்னால் தனியாக நின்று உங்கள் பின்தலையில் இதைச் செய்ய முடியாது. தங்கையோ சிநேகிதியோ கத்தரியைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, பராமரிப்பு. சாயங்களில் சிவப்புதான் சீக்கிரம் வெளியேறும். முடியோ மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதிக்கு மீண்டும் சாயம் போடவேண்டும். நிற்கவைக்கக் ‘கார்ட்’ கிடைக்காதவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு, சோப்பு. சோப்பு நன்றாகவே நிற்கவைக்கும், மழை வரும்வரை. லண்டனில் மழை வராத வாரம் ஏது? நுரை கண்ணில் இறங்கும்.

இவ்வளவு தொல்லையிலும் இது பரவியதற்குக் காரணம் ஒன்றே: ஒரு ஜாடி சாயமும் ஒரு கத்தரியும் போதும். உடை எதுவும் வாங்க வேண்டாம். பள்ளிச் சீருடையிலும் நீங்கள் ஸிக்கிதான்.

1972 ஜூலை 6 வியாழக்கிழமை பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சியில் போவி தோன்றியதை எல்லா வரலாறுகளும் திருப்புமுனை என்கின்றன. சரிதான். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பிபிசி-1 கலருக்கு மாறியது 1969 நவம்பரில். 1972இல் பிரிட்டிஷ் வீடுகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது கறுப்பு-வெள்ளைப் பெட்டி. அந்தப் பிரபலமான சிவப்பு, அன்று பார்த்த பெரும்பாலானவர்களுக்குச் சாம்பல் நிறம்! அவர்களை எட்டியது தலையின் வடிவம், பஞ்சு வைத்துத் தைத்த உடையின் மேடு பள்ளம், கிடாரிஸ்ட் மிக் ரான்சனின் தோளில் சாவகாசமாகப் போட்ட கை. நிறம் பிறகு பத்திரிகைகளிலும் சுவரொட்டிகளிலும் வந்து சேர்ந்தது. கறுப்பு-வெள்ளையிலும் விளங்குகிற வடிவம் இருந்தால்தான் அந்தக் காலத்தில் ஒரு தோற்றம் நாடு முழுவதும் போகும். உடையில் தைக்கும் மினுக்குச் சமிக்கிக்குத் தொலைக்காட்சியில் ஒரு கஷ்டமும் உண்டு. அப்போதைய ஸ்டுடியோக் கேமராக்களின் குழாய்கள் கூசும் வெளிச்சப் புள்ளியை விழுங்கத் திணறும், பாடகர் நகர்ந்தால் அந்தப் புள்ளி வால் நட்சத்திரம்போல் இழுத்துக்கொண்டு போகும். சிலருக்கு அது அழகு. தொழில்நுட்பக்காரர்களுக்குத் தலைவலி.

அன்று போட்டிருந்த உடையைத் தைத்தவர் ஃப்ரெடி பரெட்டி. ஒற்றை அங்கி என்று பலர் எழுதுவார்கள், உண்மையில் மேலும் கீழும் தனித்தனியாக இரண்டு துண்டு. பஞ்சடைத்த துணியில் உடலோடு ஒட்டிய உடை தைப்பது எளிய வேலையில்லை. துணியைப் பஞ்சு வைத்துத் தைத்தவுடன் அது நீளத்திலும் அகலத்திலும் சில சதவீதம் சுருங்கும். அதனால் முதலில் முழுத்துணியையும் பஞ்சு வைத்துத் தைத்துவிட்டு, அப்புறம்தான் அளவுக்கு வெட்ட வேண்டும். வெட்டிவிட்டுத் தைத்தவர்களுக்குக் கை ஏறாது. அடுத்தது மூட்டுத்தையல்: இரண்டு பக்கமும் பஞ்சு இருந்தால் அந்த இடம் கயிறுபோல் தடிக்கும். தையலுக்கு விடும் ஒன்றரை செ.மீ. ஓரத்தில் இருக்கும் பஞ்சை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டுத் தைக்க வேண்டும். துணி இழுபடாது என்பதால் கை தூக்கினால் சட்டை முழுக்க மேலே ஏறும். அக்குளில் 10 செ.மீ. சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்தால் தீரும். ஒருவழியாகத் தைத்து முடித்தாலும் விளக்கு வெளிச்சத்தில் அது குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாய்தான், நாலு பாட்டுக்குள் வேர்த்துக் கொட்டும்.

இந்த உடையைத் தெருவில் யாரும் போடவில்லை. போட்டது இதன் தூரத்துச் சொந்தங்களை: சாட்டின் ஜாக்கெட், லூரெக்ஸ் என்ற உலோக மினுக்கு இழை பின்னிய ஸ்வெட்டர், முழங்காலுக்குக் கீழே விரியும் பேன்ட். கென்சிங்டன் ஹை ஸ்ட்ரீட்டில் பார்பரா ஹுலானிக்கியின் பீபா 1973 செப்டம்பரில் ஏழுமாடிக் கடையாகத் திறந்தபோது இந்த மினுமினுப்புக்கு ஒரு கோயிலே கிடைத்தது. 1975இல் மூடியும் விட்டார்கள். சாட்டின் வாங்கியவர்கள் கற்ற பாடங்கள் வேறு: அசிட்டேட் சாட்டினில் ஒரு சொட்டு வியர்வை பட்டாலும் திட்டாக நிற்கும், பிரித்துத் தைத்தால் ஊசி ஓட்டை மறையாது, இறுக்கமாகத் தைத்தால் அக்குளில் இழை விலகிக் கந்தலாகும். பருத்தி லைனிங் கொடுத்து, இரண்டு செ.மீ. தளர்வும் விட்டவர்களின் ஜாக்கெட்டுதான் அடுத்த கிறிஸ்துமஸ் பார்த்தது.

கன்சாய் யமமோட்டோ பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்காட்சிகளின் நாயகன் அவர்தான். 1944இல் யோகோஹாமாவில் பிறந்தவர். 1971இல் லண்டனில் ஃபேஷன் ஷோ நடத்திய முதல் ஜப்பானிய வடிவமைப்பாளர். போவி முதலில் போட்டவை யமமோட்டோ பெண்களுக்காகத் தைத்தவை, ஆள் அவ்வளவு ஒல்லி. 1973 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் யமமோட்டோ போவியின் கச்சேரியை நேரில் பார்த்தார். அந்த ஏப்ரலில் ஜப்பான் பயணத்துக்கு ஒரு தொகுதி உடைகளே செய்து கொடுத்தார். கறுப்பு வினைல் ஷீட்டில் வெள்ளைக் கோடுகள் ஓட, கால்கள் இரண்டும் வில்போல் வளைந்து நிற்கும் ‘டோக்கியோ பாப்’ அவற்றில் ஒன்று. உலகத்திலேயே அதிகம் படமெடுக்கப்பட்ட மேடை உடைகளில் அது ஒன்றாக இருக்கும்.

வினைலைத் தைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மன்னிக்காத துணி. குண்டூசி குத்தினால் அந்த ஓட்டை சாகும்வரை இருக்கும், அதனால் கிளிப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். சாதாரண மெஷின் பாதம் வினைலில் ஒட்டி நகராது. டெஃப்லான் பாதம் வேண்டும், இல்லையென்றால் பாதத்துக்கு அடியில் மெல்லிய காகிதம் வைத்துத் தைத்துப் பின்னால் கிழித்தெடுக்க வேண்டும். தையல் நீளம் குறைந்தது மூன்றரை மி.மீ. நெருக்கமாகத் தைத்தால் அஞ்சல் தலைத் தாளில் ஓட்டை போட்டதுபோல் ஆகி, அந்த வரியிலேயே கிழியும். இஸ்திரி போட முடியாது, மடித்து வைத்தால் மடிப்பு போகாது. பதினைந்து வயதுக் கையில் இது ஏன் எடுபடவில்லை என்று இனி விளக்க வேண்டியதில்லை.

யமமோட்டோ கொண்டுவந்த இன்னொரு சரக்கு கபுகியின் ஹிகினுகி. மேலுடையின் மூட்டுகளை மெஷின் தையலுக்குப் பதில் நீளமான ஓட்டுத்தையலால் சேர்த்திருப்பார்கள். நூலின் முனையில் பிடித்திழுக்க ஒரு முடிச்சு இருக்கும். நடிகருக்குப் பின்னால் இருக்கும் உதவியாளர் சரியான தாளத்தில் நூல்களை உருவிவிட, மேலுடை கழன்று விழுந்து உள்ளே வேறொரு நிறம் தெரியும். ராக் மேடையில் இதற்குப் பிரஸ் பட்டன் போட்டார்கள், இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று அங்கியைப் பிய்த்தெடுத்தார்கள். பட்டன்களை நெருக்கமாக வைத்தால் கழலாமல் ஆளையே இழுக்கும், தள்ளி வைத்தால் ஆடும்போதே திறக்கும். 8-10 செ.மீ. இடைவெளி தாங்கும். வெல்க்ரோ ஏன் கூடாது என்றால், கிழிக்கும் சத்தம் மைக்கில் விழும், அதன் முள் பக்கம் பட்டுத் துணியையும் பின்னல் துணியையும் பிறாண்டிவிடும்.

இதே காலத்தில் ஸ்வீடனில் அபா என்ற பாப் குழுவுக்கு வேறு ஒரு நியாயம் இருந்தது. அன்றாடம் போட முடியாத மேடை உடை என்றால் அந்தச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அங்கே விதி. பூனைப் படம் போட்ட குட்டைச் சட்டையும் வெள்ளிப் பூட்ஸும் பிறந்ததில் அந்த விதிக்கும் பங்குண்டு என்பதைக் குழுவின் பியோர்ன் உல்வேயஸ் பின்னால் ஒப்புக்கொண்டார். தெருவுக்கு இறங்கக்கூடாது என்பதே நிபந்தனை! அபாவின் பாட்டு உலகம் முழுக்கப் போனது, உடை மாறுவேடப் போட்டிக்குத்தான் போனது. வரி அதிகாரிகள் ஃபேஷனை நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள் என்பேன்.

மின்னலுக்கு வருவோம். 1973 ஏப்ரலில் வந்த ‘அலாடின் சேன்’ இசைத்தட்டின் அட்டையில் போவியின் முகத்தில் குறுக்கே ஓடும் சிவப்பு-நீல மின்னல். படம் எடுத்தவர் பிரையன் டஃபி, ஒப்பனை பியர் லா ரோஷ். லா ரோஷ் முதலில் கன்னத்தில் சின்னதாக ஒன்று வரைந்தார், டஃபி அதை நிறுத்தி முகம் முழுக்க வெளிக்கோடு போட்டுக் கொடுத்தார், உள்ளே லிப்ஸ்டிக்கால் நிரப்பினார்கள். வடிவத்துக்கு முன்மாதிரி, ஸ்டுடியோவில் கிடந்த நேஷனல் பானசானிக் ரைஸ் குக்கரின் சின்னம். காறை எலும்பின் மேல் நிற்கும் நீர்த்துளி பிறகு ஃபிலிப் காஸில் ஏர்பிரஷ்ஷால் சேர்த்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: போவி இந்த மின்னலை மேடையில் போடவே இல்லை. மேடையில் அவர் போட்டது நெற்றியில் ஒரு தங்க வட்டம். ஒரு நாள் படப்பிடிப்புக்கு மட்டும் இருந்த ஒப்பனை அவர் வாழ்நாள் முழுவதும் போட்ட எல்லாவற்றையும்விட அதிகமாக நகலெடுக்கப்பட்டது. 2016 ஜனவரியில் அவர் இறந்த வாரத்தில், அவர் பிறந்த லண்டன் பிரிக்ஸ்டனில் வந்து கூடியவர்கள் முகங்களிலும் அதுதான்.

வரைய விரும்புகிறவர்கள் செய்யும் முதல் தவறு, பக்கம் மாறிப்போவது. மின்னல் இருப்பது போவியின் வலது கண் மேல். படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்து வரைந்தால் கண்ணாடிக்குள் எல்லாம் பொருந்தும், உங்கள் முகத்தில் அது இடது கண்ணில் இருக்கும். இரண்டாவது தவறு புருவம். போவி புருவத்தை மழித்திருந்தார், அதனால் சாயம் வழுவழுவென்று ஓடியது. உங்களுக்குப் புருவம் இருந்தால் மின்னல் அங்கே உடையும். புருவ முடியைக் கட்டிப் பசைக் குச்சியால் மேல்நோக்கிப் படிய ஒட்டி, காயவிட்டு, மீண்டும் ஒருமுறை ஒட்டி, மேலே பவுடர் அழுத்தி, அதற்கு மேல் அடிப்பூச்சு பூச வேண்டும். பிறகு முகம் முழுக்க வெளிறிய அடிப்பூச்சும் பவுடரும். வெளிக்கோட்டைப் பென்சிலால் முழுதாகப் போட்டு முடித்த பிறகுதான் நிறம். சிவப்பை முதலில் நிரப்பி, ஓரத்தில் நீலம். லிப்ஸ்டிக்கின் பளபளப்புதான் அந்தப் படத்தின் உயிர் என்பதால் அதன்மேல் பவுடர் போடக்கூடாது. பவுடர் போடாததால் கண்ணிமை மடிப்பில் அரை மணி நேரத்தில் கோடு விழும். படம் எடுக்க என்றால் லிப்ஸ்டிக், இரவு முழுக்க நிற்க வேண்டும் என்றால் தண்ணீரில் கரைக்கும் முகச்சாயம். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது.

பிளாட்ஃபார்ம் காலணியைப் பற்றி இரண்டே வரி. குதிகால் உயரத்திலிருந்து முன்பக்க அட்டையின் கனத்தைக் கழித்தால் வருவதுதான் கால் உணரும் சரிவு, 12 செ.மீ. குதிகாலும் 5 செ.மீ. அட்டையும் என்றால் 7 செ.மீ. ஹீல் போட்ட மாதிரி. ஆபத்து உயரத்தில் இல்லை, அடிப்பாகம் வளையாததில். நடைபாதைக் கல்லின் விளிம்பில் கால் வைத்தால் பாதம் அதை உணர்ந்து திருத்திக்கொள்ள வழியில்லை, கணுக்கால் மடியும்.

இந்த நகலெடுப்புக்கு ஒரு விலை இருந்தது. இங்கிலாந்தில் ஆண்கள் இருவரின் உறவு குற்றமில்லை என்று சட்டம் ஓரளவு தளர்ந்ததே 1967இல்தான். 1972 ஜனவரியில் போவி ‘மெலடி மேக்கர்’ பத்திரிகைக்குத் தான் ஒரு கே, அதாவது தன்பால் ஈர்ப்பாளர், என்று சொன்னார். அது அவருக்கு விளம்பரமாயிற்று. கண்மை போட்டுக்கொண்டு கடைசி பஸ்ஸில் வீடு திரும்பிய பையனுக்கு அது அடியாக விழலாம். கண்மையை பஸ் ஏறுமுன் துடைத்துவிடலாம். சட்டையைக் கோட்டுக்குள் மறைக்கலாம். முடியை என்ன செய்வது? திங்கட்கிழமை காலை பள்ளியில் தலைமையாசிரியர் முன்னால் அது நின்றுகொண்டிருக்கும். முடியை வெட்டிக்கொண்டவர்கள்தான் உண்மையில் பந்தயம் கட்டியவர்கள், அதனால்தான் அவர்கள் தெருவில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். போவியோ 1973 ஜூலையில் ஸிக்கியை முடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். 1976இல் வெள்ளைச் சட்டை, கறுப்பு வெஸ்ட் கோட், மடிப்பு வைத்த பேன்ட், பின்னோக்கி வாரிய முடி. இதை எவரும் அப்பாவின் அலமாரியிலிருந்தே எடுத்துப் போடலாம், போட்டார்கள்.

அந்தக் கூட்டம் வளர்ந்து 1978இல் சோஹோவில் பில்லீஸ் என்ற கிளப்பில் செவ்வாய்க்கிழமை தோறும் ‘போவி இரவு’ நடத்தியது. அடுத்த வருடம் கோவென்ட் கார்டனில் ப்ளிட்ஸ் என்ற ஒயின் பாருக்கு மாறியது. வாசலில் ஸ்டீவ் ஸ்ட்ரேஞ்ச், உள்ளே இசைத்தட்டு சுழற்ற ரஸ்டி ஈகன், கோட்டு வாங்கி வைக்கும் இடத்தில், பின்னால் பாடகரான பாய் ஜார்ஜ். பக்கத்திலேயே செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரி. தொப்பிக் கலைஞர் ஸ்டீஃபன் ஜோன்ஸ் போன்றவர்கள் அங்கிருந்து நேராக இங்கே வந்தார்கள். காசு யாரிடமும் இல்லை. பழைய துணிக்கடை, லாரன்ஸ் கார்னர் என்ற ராணுவ உபரிக் கடை, அம்மாவின் தையல் மெஷின். 1980இல் போவியே அங்கே வந்து ஸ்ட்ரேஞ்சையும் இன்னும் சிலரையும் தன் வீடியோவில் நடக்க அழைத்துப் போனார். தன்னை நகலெடுத்தவர்களை அவர் திரும்ப நகலெடுத்த இடம் அது.

லண்டன் கிங்ஸ் ரோடு 430ஆம் எண்ணில் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவர் கூட்டாளி மால்கம் மெக்லாரனும் வைத்திருந்த கடை இந்த நேரத்தில் ‘வேர்ல்ட்ஸ் எண்ட்’ ஆயிற்று. 1981 மார்ச்சில் அவர்களுடைய ‘பைரேட்’, அதாவது கடற்கொள்ளைக்காரன், தொகுப்பு வந்தது. பாடகர் ஆடம் ஆன்ட் குதிரைப்படைக்காரன் ஜாக்கெட்டும் மூக்கின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடுமாகத் தொலைக்காட்சியை ஆண்ட காலம். கடற்கொள்ளைக்காரன் சட்டை ஏன் காட்டுத்தீயாகப் பரவியது என்பதற்குத் தையல்காரரின் பதில் ஒன்று உண்டு. பழைய காலத்து ஆண்கள் சட்டை முழுக்கச் சதுரங்களும் செவ்வகங்களும்தான். வளைவு வெட்டே கிடையாது. 115 செ.மீ. அகலமுள்ள மெல்லிய பருத்தி 3 மீட்டர் எடுத்தால் போதும். அதில் 2 மீட்டரைத் தோளில் மடித்து முன்னும் பின்னும் ஆக்கி, பக்கவாட்டில் 25 செ.மீ. பட்டையைக் கத்தரித்து ஒதுக்கினால் 90 செ.மீ. அகல உடல் கிடைக்கும். கைக்கு 60க்கு 55 செ.மீ. இரண்டு துண்டு. ஒதுக்கிய பட்டையில் காலர், கைப்பட்டி, அக்குளுக்கு 15 செ.மீ. சதுரம் இரண்டு. மிச்சத்தில் கழுத்துச் சுருக்கம். பேப்பர் பேட்டர்னே தேவையில்லை. கெடுவது ஓரிடத்தில்தான்: அக்குள் சதுரத்தை வைக்க மறந்தால் கை தூக்கும்போது தோள் கிழியும். அதையும் சேர்த்து ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். சட்டை பரவியது அதன் அழகால் பாதி, இந்த வெட்டால் பாதி.

அதன்பின் வியாபாரம் விழித்துக்கொண்டது. 1985இல் நியூயார்க் மேஸீஸ் கடையில் மடோனாவுக்கென்றே ஒரு பகுதி திறந்தார்கள். ரப்பர் வளையலும் லேஸ் கையுறையும் வீட்டில் செய்யுமுன்பே கடைக்கு வந்துவிட்டன. 1990இல் வடிவமைப்பாளர் ழான் பால் கோல்தியே அவருக்குத் தைத்த கூம்பு வடிவ மார்க்கச்சு பழைய கணக்குப்படியே அருங்காட்சியகத்துக்குப் போனது.

நம் ஆள் ஒருவர் இந்தக் கதையைத் தலைகீழாக்கியதைச் சொல்லாமல் விடமுடியாது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரினால் மீண்டும் லண்டனுக்கு அகதியாகப் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது பாடகி எம்.ஐ.ஏ. இவரும் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்தவர்தான், சினிமாப் பிரிவில். 2013இல் வெர்சாசே நிறுவனம் தன் ‘வெர்சஸ்’ வரிசைக்கு இவரை அழைத்தது. லண்டன் தெருச் சந்தைகளில் விற்கும் போலி வெர்சாசேக்களைத் திரட்டி, அவற்றின் வடிவங்களிலிருந்தே ஒரு தொகுப்பு செய்தார். நகல் திரும்பி வந்து, அசல் நிறுவனத்தின் லேபிளோடு தொங்கியது. கண்ணைப் பறிக்கும் தங்கச் சங்கிலி அச்சுகளைப் பார்த்தால் லண்டன் சந்தைக் கடைகளின் பாலித்தீன் பைகள் நினைவுக்கு வரும், அதுதான் நோக்கமும்.

அண்மை உதாரணம் பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ். 2020 பிப்ரவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒத்திகை ஒன்றுக்கு ஜே.டபிள்யூ. ஆண்டர்சனின் பலநிறச் சதுரங்கள் சேர்த்த ஒரு கம்பளிக் கார்டிகனைப் போட்டு வந்தார். கடை விலை ஆயிரம் பவுண்டுக்கு மேல். ஊரடங்கில் வீட்டில் அடைபட்ட பிள்ளைகள் டிக்டாக்கில் அதைத் தாங்களே பின்ன ஆரம்பித்தார்கள். அந்த ஜூலையில் அதை வடிவமைத்த ஜோனதன் ஆண்டர்சன் செய்ததைத்தான் மற்ற வடிவமைப்பாளர்கள் செய்யப் பயப்படுவார்கள்: பின்னல் குறிப்பை முழுதாக இலவசமாக வெளியிட்டார். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அசலை அதே வருடம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது. அசல் இரண்டு ஊசிப் பின்னல், ரசிகர்களில் பலர் பின்னியது ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷா. ஒரே பரப்புக்குக் குரோஷா கூடுதல் நூல் தின்னும், ஆகவே கனம். தோளில் தொங்கவிட்டால் ஒரு மாதத்தில் கை முழங்காலை நோக்கி நீளும். இரண்டு தோள் மூட்டிலும் உட்புறமாக இழுபடாத பருத்தி நாடா ஒன்றை வைத்துத் தைத்து, ஹேங்கரில் மாட்டாமல் மடித்து வைத்தால் அளவு நிற்கும்.